மேஸ்திரியை வைத்து நாமே வீடு கட்டினால் சட்டப்படி பொறுப்பு யாருடையது?

2022ஆம் ஆண்டு தை மாதத்தில், தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்தை ஒட்டிய எங்கள் கிராமத்தில், அப்பா விட்டுச்சென்ற நாலரை சென்ட் மனையில் 1,150 சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கினேன். பொருளும் ஆளும் சேர்த்துச் சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று ஓர் ஒப்பந்ததாரர் கேட்டார். பெரியப்பா மகன் தன் வீட்டை லேபர் கான்ட்ராக்ட்டில் கட்டி முடித்திருந்ததால், அதே மேஸ்திரியிடம் சதுர அடிக்கு 480 ரூபாய் கூலி பேசி, சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல் எல்லாவற்றையும் நானே வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். இரண்டரை லட்சம் ரூபாய் மிச்சமாகும் என்பது என் கணக்கு. ஒப்பந்ததாரர் கேட்ட தொகைக்குள் அவர் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் சட்டப் பொறுப்புகளும் அடங்கியிருந்தன என்பதும், அவரை விலக்கிய நாளிலேயே அவை என் தலைக்கு வந்துவிட்டன என்பதும் எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் புரிந்தன.

ஊராட்சியில் கட்டட அனுமதி வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. பட்டா, வில்லங்கச் சான்று, பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் ஆகியவற்றைக் கொடுத்து, அனுமதிக் கட்டணத்துடன் கட்டுமானச் செலவில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நல வாரியத்திற்கும் செலுத்தினேன். அந்த 1 விழுக்காட்டைக் கட்டிவிட்டதால் நம் மனையில் வேலை செய்பவருக்கு எது நேர்ந்தாலும் வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று நான் நினைத்துக்கொண்டது முதல் தவறு. அது மாநிலம் முழுவதும் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கான நலத்திட்டங்களுக்குச் செல்லும் பணம். வேலை கொடுப்பவரின் இழப்பீட்டுப் பொறுப்பை அது ஏற்றுக்கொள்வதில்லை.

கடைக்கால் தோண்டும்போது மூன்றடியிலேயே பாறை தட்டியது. எங்கள் பகுதியில் இது எல்லா வீட்டுக்கும் நேர்வதுதான். கிணற்று வேலை செய்யும் ஒருவர் வந்து, இரண்டு குழி போட்டு வெடி வைத்தால் அரை நாளில் முடிந்துவிடும் என்றார். உரிமம் இல்லாமல் வெடிமருந்தை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் எல்லையிலிருந்து நான்கடியில் நின்றது. கம்பிரசர் வைத்து உடைக்க நான்கு நாள் ஆயிற்று. உடைப்பதற்கு முன் பக்கத்து வீட்டு அண்ணனை அழைத்து, அவர் சுவரில் ஏற்கெனவே இருந்த விரிசல்களைத் தேதி தெரியும்படி படமெடுத்து, இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டோம். நம் தோண்டலால் அடுத்தவர் சுவர் பாதிக்கப்பட்டால் கேள்வி நம்மிடம்தான் வரும். கூலிக்கு வந்தவரிடம் போகாது.

மின்சாரத்திலும் இப்படி ஒரு கண்ணி இருந்தது. மனைக்குப் பின்னால் எங்கள் சித்தப்பாவின் விவசாயக் கிணறு, இலவச மின் இணைப்புடன் இருக்கிறது. அதிலிருந்து ஒயர் இழுத்துக் கலவை எந்திரத்தையும் மோட்டாரையும் ஓட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். கட்டுமானத்திற்கென்று தற்காலிக இணைப்பு தனிக் கட்டண வகையில் கொடுக்கப்படுகிறது. அதை வாங்காமல் வேறு நோக்கத்திற்குக் கொடுத்த மின்சாரத்தை எடுத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கலாம், எப்போதிருந்து எடுத்தோம் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். அந்தச் சுமை இணைப்பு வைத்திருக்கும் சித்தப்பாவின் பெயரில் விழுந்திருக்கும். தற்காலிக இணைப்பே வாங்கினேன். அப்போது வந்த லைன்மேன்தான் தெருவில் போகும் 11 கேவி (11,000 வோல்ட்) மின்கம்பியைக் காட்டி, கட்டடத்திற்கும் அதற்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்றும், கட்டடத்துக்கான நாற்பதடி இரும்புக் கம்பியைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தாமல் படுக்கைவாட்டில்தான் ஏற்ற வேண்டும் என்றும் எச்சரித்தார். அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆவணி மாதம், லிண்டலுக்கு மேல் சுவர் ஏறிக்கொண்டிருந்தபோது, சாரத்தில் போட்டிருந்த பலகை முறிந்து ஒரு கொத்தனார் ஒன்பதடி உயரத்திலிருந்து விழுந்தார். முப்பத்து நான்கு வயது. இரண்டு பெண் குழந்தைகள். கணுக்காலுக்கு மேல் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலுதவி பெற்று, பின் குடும்பத்தார் விருப்பப்படி சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்து தகடு வைத்தார்கள். வேலையிடத்தில் விழுந்தவர் என்பதால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்திற்குத் தகவல் போயிற்று. விசாரிக்க வந்த காவலர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டு ஓனர் யாரு?" என்பது. இரண்டாவது, சாரம் யாருடையது என்பது. கம்பும் பலகையும் வாடகைக்கு எடுத்து, அதற்கான ரசீதில் கையெழுத்திட்டிருந்தவன் நான்.

மேஸ்திரி நல்லவர்தான். "எல்லாம் நம்ம ஆளுங்க சார், பேசி முடிச்சுக்கலாம், ஒன்னும் ஆவாது" என்றார். ஊர்ப் பெரியவர்களும் ஒரு தொகையைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தது நான் செய்த சரியான காரியங்களில் ஒன்று. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில், ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்திலோ, தரையிலிருந்து கூரை உச்சிவரை 12 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கட்டடத்திலோ வேலை செய்பவர்கள் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், எப்போதாவது வேலைக்கு வரும் ஆளுக்குப் பொருந்தாது என்ற பழைய விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்றும், இழப்பீட்டு உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் தாள் 17ஆவது பிரிவின்படி செல்லாது என்றும் அவர் விளக்கினார். வாய்ப்பேச்சாக நடக்கும் லேபர் கான்ட்ராக்ட்டில் மேஸ்திரியும் கூலிக்காரரே என்று வாதிடப்படும்போது, அவர்தான் முதலாளி என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அந்தச் சட்டம் கேட்டது இதுதான். மருத்துவத்திற்கு உண்மையில் ஆன செலவு முழுவதையும் வேலை கொடுத்தவர் தர வேண்டும். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சேர்த்தது. வேலை செய்ய முடியாத காலத்துக்கு மாத ஊதியத்தில் 25 விழுக்காட்டை அரை மாதத்திற்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஊதியத்திற்கு அப்போதைய உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், அது 3,750 ரூபாய். 900 ரூபாய் நாள்கூலி வாங்கிய மனிதருக்கு இது நான்கு நாள் கூலியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மருத்துவமனைக் கட்டணமான 1,18,000 ரூபாயைக் கொடுத்ததுடன், மூன்று மாதம் வாரந்தோறும் பாதிக் கூலியை அவர் மனைவியிடம் சேர்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கையெழுத்து வாங்கினேன். சட்டக் கணக்கைவிட அது கூடுதல். ஆனாலும் அந்த அம்மா, "பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்கண்ணா" என்று சொன்ன நாளில் எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

கொத்தனார் தலைகீழாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழக்கறிஞர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். இறப்பு நேர்ந்தால் மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்தக் காரணி 184.17. அதாவது 7,500 ரூபாயை 184.17 ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். வயது குறையக் குறையத் தொகை கூடும். அதையும் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. இழப்பீட்டு ஆணையரிடம் வைப்பு செலுத்த வேண்டும். ஒரு மாதத்திற்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி. இத்துடன் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்ற வழக்கும் வரலாம். அந்தத் தாளைப் பார்த்த இரவு நான் உறங்கவில்லை.

மறு வாரமே ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தேன். பிரீமியம் 7,000 ரூபாய்க்கும் குறைவு. பெயர்ப்பட்டியல் இல்லாமல், ஆட்களின் எண்ணிக்கையையும் மொத்தக் கூலியையும் சொல்லி எடுக்கலாம். இங்கே கவனம் வேண்டும்: வழக்கமாக ஆறேழு பேர் வந்தாலும், தளம் போடும் நாளில் கலவை எந்திரத்துடன் வருபவர்களையும் சேர்த்து எங்கள் மனையில் 23 பேர் நின்றார்கள். அன்றைக்குத்தான் ஆபத்தும் அதிகம். குறைந்த எண்ணிக்கையைச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைப்பவர்கள் அந்த ஒரு நாளுக்குப் பாதுகாப்பை இழக்கிறார்கள்.

அந்த எண்ணிக்கைக்கு இன்னொரு விளைவும் இருந்தது. அப்போதிருந்த 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடங்களுக்குப் பொருந்தியது. சொந்தக் குடியிருப்புக்கு விலக்கு உண்டென்றாலும், அப்போது அது 10 லட்சம் ரூபாய்ச் செலவு வரைதான். என் செலவு 22 லட்சத்தைத் தாண்டியது. வேலை தொடங்குவதற்கு 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். நான் தாமதமாகத் தொழிலாளர் துறை அலுவலகத்திற்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இந்த விலக்கு வரம்பு 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் விபத்து இழப்பீடு அவற்றுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தனி அத்தியாயமாகத் தொடர்கிறது என்பதால், 50 லட்சத்திற்குள் கட்டுகிறோம், நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

மேஸ்திரி ஒரு நாள் தன் அக்கா மகனைச் சித்தாள் வேலைக்கு அழைத்து வந்தார். பையனுக்குப் பதினைந்து வயது. பள்ளி விடுமுறை, செலவுக்கு ஆகும் என்றார். நல வாரியத்தில் பதிவு பெறவே 18 வயது நிறைந்திருக்க வேண்டும். விபத்திற்குப் பிறகு அந்தப் பையனைச் சாரத்தின் கீழ் நிற்க வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, திருப்பி அனுப்பினேன். மேஸ்திரிக்கு இரண்டு நாள் வருத்தம் இருந்தது.

ஆழ்துளைக் கிணற்றுக்கு 2015ஆம் ஆண்டு விதிகளின்படி ஊராட்சியின் அனுமதி வாங்கி, பதிவு பெற்ற வண்டியை வைத்து ஓட்டினோம். முதல் குழி 700 அடிவரை புகைதான், தண்ணீர் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போக வண்டிக்காரர் அவசரப்பட்டார். மண்ணும் கல்லும் கொட்டி மேல்மட்டம்வரை மூடிய பிறகே அவருக்கு மீதிப் பணம் கொடுத்தேன்.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டிற்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. எளிமையான ஏற்பாடு. ஆனால் அளவும் உரிமையும் பக்கவாட்டு இடைவெளியும் சரி என்று உறுதிமொழி தருபவர் வீட்டுக்காரர் என்பதால், கையெழுத்திடும் முன் டேப்பைப் பிடித்து மனையை ஒரு முறை தாமே அளந்து பார்ப்பது நல்லது.

இப்போது மாடியில் ஓர் அறை எடுக்கிறோம். அதே மேஸ்திரிதான். முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, சாரத்துக்கு இரும்புக் குழாயும் தகரப் பலகையும் என்று குறிப்பிட்டு, ஆட்களின் நல வாரிய அட்டை நகல்களை இணைத்து, காப்பீட்டு ரசீது கைக்கு வந்த பிறகே செங்கல் இறக்கினேன். கால் முறிந்த அந்தக் கொத்தனார் இப்போது உயரத்தில் ஏறுவதில்லை. கீழே டைல்ஸ் வேலைக்கு வருகிறார்.