என்ட்ரோபி வைவாவில் காணாமல் போன இரண்டு

எம்.எஸ்சி. கணிதத்தில் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் எடுத்த தலைப்பு, காம்பாக்ட் எபீலியன் குலங்களின் (வட்டம், டோரஸ் போல, வரிசை மாற்றிச் சேர்த்தாலும் விடை மாறாத குலங்கள்) மேல் இயற்கணித இயக்கங்களின் என்ட்ரோபி. ஒரு இயக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் சிக்கல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதன் அளவுதான் என்ட்ரோபி. தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ். இதே தலைப்பை எடுக்கப் போகிறவர்களுக்கு, நான் சறுக்கிய இடத்தைக் காட்டிவிடுகிறேன்.

முதல் இரண்டு மாதம் வரையறைகளிலேயே போனது. 1958-இல் கொல்மகோரவ், 1959-இல் சினாய், அப்புறம் 1965-இல் ஆட்லர், கோன்ஹைம், மக்ஆண்ட்ரூ மூவரும் தந்த திறந்த உறை வரையறை (வெளியைத் திறந்த கணங்களால் மூடி எண்ணுவது). தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். கணக்கு என்று ஒன்றுகூடப் போட்டதில்லை.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் வரையறைப் பக்கமே போகவில்லை. "தம்பி, 2எக்ஸ்−3 தருகிற இயக்கத்துக்கு என்ட்ரோபி எவ்வளவு?" மூலம் 3/2, அதாவது ஒன்றரையால் பெருக்கும் இயக்கம். எண்ணளவில் ஒன்றைவிடப் பெரிய மூலங்களின் மடக்கையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதானே? "லாக் ஒன்றரை, சார்" என்றேன். "அப்போ அந்த முதல் கெழு 2 எங்கே போச்சு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் நோட்டைப் பிரித்தேன். வட்டத்தின் மேல் ஒன்றரையால் பெருக்கவே முடியாது. பாதியாக்கினால் இரண்டு விடை வந்து நிற்கும். அதனால் சோலனாய்டுக்குப் போகிறோம்: பாதியாக்கினாலும் ஒரே விடை வரும்படி வட்டத்தை விரித்துக் கட்டிய குலம். அதன் இரட்டைக் குலத்தில் (அதிலிருந்து வட்டத்துக்குப் போகும் தொடர்ச்சியான குலச் சார்புகளின் குலம்) இருப்பவை, பகுதியில் 2, 3 இவற்றின் அடுக்குகள் மட்டுமே வரும் பின்னங்கள். சோலனாய்டில் ஒரு படி முதல் ஐந்து படி வரை ஒவ்வொன்றிலும் பழைய இடத்துக்கே திரும்பும் புள்ளிகளை எண்ணினேன்: 1, 5, 19, 65, 211. மூன்றின் அடுக்கிலிருந்து இரண்டின் அடுக்கைக் கழித்தால் வருகிற எண்கள். இவை போகப் போக மூன்று மூன்று மடங்காகத்தான் வளர்கின்றன; அந்த வளர்ச்சியின் மடக்கைதான் இங்கே என்ட்ரோபி. ஆக விடை லாக் 3. அரியாங்குப்பம்கூடத் தாண்டியிருக்கவில்லை.

லாக் ஒன்றரை மெய்யெண் பக்கத்தின் பங்கு. 2-அடிக் பக்கத்தில் (ஓர் எண்ணில் 2 எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து அதன் அளவைச் சொல்லும் முறை) ஒன்றரையின் அளவு 2, அதனால் அங்கிருந்து ஒரு லாக் 2. இரண்டையும் கூட்டினால் லாக் 3. 1967-இல் யுஸ்வின்ஸ்கி கொடுத்த சூத்திரத்தில், மூலங்களின் மடக்கையோடு முதல் கெழுவின் மடக்கையையும் கூட்ட வேண்டும். அந்த முதல் கெழு ஏன் நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டோரஸில் (பல வட்டங்களின் பெருக்கம்) முழு எண் அணியை எடுத்தால் அதன் சிறப்புக் கோவையின் முதல் கெழு 1. அதன் லாக் பூச்சியம், கண்ணில் படாது. நான் மனப்பாடம் செய்தது அந்தத் தனி வகையை.

அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் வரிசை 2, 1. இரண்டாம் வரிசை 1, 1. இந்த அணியை அடுக்கு அடுக்காகப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் அலகு அணியைக் கழித்து, அணிக்கோவையின் எண்ணளவைப் பாருங்கள்: 1, 5, 16, 45, 121. டோரஸில் பழைய இடத்துக்கே திரும்பும் புள்ளிகளின் எண்ணிக்கை இவை. 121-இன் மடக்கையை 5-ஆல் வகுத்தால் 0.959. உண்மை விடை 0.9624. அஞ்சாவது படியிலேயே இவ்வளவு பக்கத்தில்! (மூலம் அலகு வட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டால் இந்த எண்ணும் வேலையில் கொஞ்சம் கவனம் தேவை.)

இது கைக்கு வந்துவிட்டால் 1990-இல் லிண்ட், ஷ்மிட், வார்டு எழுதிய கட்டுரைக்குப் போகலாம். பல மாறிகள் வந்தாலும் என்ட்ரோபி என்பது மாலர் அளவையின் மடக்கைதான் என்கிறது அது. (ஒரு மாறி என்றால், முதல் கெழுவையும் ஒன்றைவிடப் பெரிய மூலங்களையும் எண்ணளவில் பெருக்கினால் வருவதுதான் மாலர் அளவை.) 1+எக்ஸ்+ஒய் எடுத்தால் ஏறக்குறைய 0.323. லெமர் 1933-இல் கேட்ட கேள்வியும் இங்கேதான் வந்து சேர்கிறது: பூச்சியமில்லாத என்ட்ரோபி எவ்வளவு சின்னதாக இருக்கலாம்? அவருடைய பத்தாம்படிக் கோவை தருவது சுமார் 0.162. அதைவிடச் சின்னது இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. சோஃபிக் குலங்கள் (முடிவுள்ள வரிசைமாற்றங்களால் தோராயமாகக் காட்டக்கூடிய குலங்கள்) பக்கம் எம்.எஸ்சி.யில் போகாதீர்கள், நேரம் பத்தாது.

இன்னொன்று, இங்கே லாக் என்றது எல்லாம் இயற்கை மடக்கை, அதனால் கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். நான் 'லாக்' அழுத்தி, மேலே சொன்ன அணிக்கு 0.418 என்று புராஜெக்ட் அறிக்கையில் அச்சடித்து, பைண்டிங்கும் போட்டுவிட்டேன்.