மேஸ்திரியின் சீட்டும் 7 பங்காளிகளும்

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர் வீட்டில், இரண்டாம் கட்டுச் சமையலறையின் மேல்தளம் 2024ஆம் ஆண்டு மழையில் ஒரு மூலையில் இறங்கிவிட்டது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய தளம். சுவருக்குள் பதிந்த கட்டைகளின் நுனி மட்கியிருந்தது. 2025 பிப்ரவரியில் மேஸ்திரி வந்து பார்த்து, அந்த 300 சதுர அடியை மட்டும் கான்கிரீட்டாக மாற்ற மொத்தத் தொகை எழுதிக் கொடுத்தார். சீட்டின் அடியில், "இந்த விலை 15 நாளைக்குத்தான்" என்று இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு 7 பங்காளிகள். ஒருவர் சிங்கப்பூரில், மூவர் சென்னையில். செலவைப் பங்குப்படி பிரிப்பதா, புள்ளிக்கணக்கில், அதாவது மணமான தம்பதிகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பதா என்பதைப் பேசி முடிக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எல்லோரும் சம்மதித்தபோது மே பிறந்திருந்தது. இடையில், ஏப்ரலில், தமிழ்நாட்டில் கனிமவள நிலவரி நடைமுறைக்கு வந்து, குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, பாறையை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டும் ஜல்லியும் விலையேறியிருந்தன. மேஸ்திரியின் புதிய சீட்டைக் கண்டு எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தளத்துக்குச் சுமார் 30 மூட்டை சிமெண்டும் 300 கிலோ கம்பியும் வேண்டும். 40 அடி நீளமுள்ள 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று 10.6 கிலோவுக்குச் சற்று மேல். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் ஒரு கம்பிக்கு 53 ரூபாய், மொத்தக் கம்பிக்கு 1,500 ரூபாய். எம்-சாண்டு, ஜல்லியின் உயர்வையும் ஏற்றுக்கூலியையும் சேர்த்துப் பார்த்தாலும் சீட்டில் கூடியிருந்த தொகை அதைவிட மிக அதிகம். மீதி, இனிமேல் ஏறக்கூடிய விலைக்காக மேஸ்திரி இப்போதே போட்டுக்கொண்ட காப்பு. அவரைக் குறைசொல்ல முடியாது. பிப்ரவரிச் சீட்டை மே மாதம் நீட்டும் வீட்டுக்காரர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். ஆகவே மொத்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கூலியை மட்டும் அவரிடம் பேசி, பொருளை நாங்களே வாங்கித் தருவதாக முடிவு செய்தோம். விலை ஏறினால் அடி எங்களுக்கு, இறங்கினால் லாபமும் எங்களுக்கு. மணல் லாரியை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருந்த நாட்களுக்குத்தான் யாரும் கூலி தரவில்லை.

ஆகஸ்டில் தளம் போட்டு முடித்தோம். செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூட்டைக்கு 30 ரூபாய் குறைவு. எங்களுக்கு 900 ரூபாய் மிச்சமாகியிருக்கும். சிங்கப்பூர்ப் பங்காளி இதைச் சொல்லிக்காட்ட மறக்கவில்லை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். சூளையில் சுடாமல் கண்ணாடியின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிற கல் என்பதால் விலைவாசி அதைத் தொடாது என்று நினைத்திருந்தேன். சாயத்தை ஏந்தி நிற்பதும் அதன் முதுகும் சிமெண்டுதானே.

அடுத்து முகப்பின் தளம் காத்திருக்கிறது. அங்கே கான்கிரீட் வேண்டாம், சுண்ணாம்புதான் என்பதில் மட்டும் 7 பேரும் ஒரே குரல். இம்முறை மேஸ்திரியை அழைக்கும் முன்பே, வருகிற தொகைக்கு மேல் 10 சதவீதம் வரை கூடினால் மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பேர் கையெழுத்திட்டுவிட்டார்கள்.