ஹுவாங்பூ கரை நாட்குறிப்பு

செப்டம்பர் 28

காலை ஆறரைக்கே ஹுவாங்பூ பூங்கா களைகட்டிவிட்டது. ஒரு பக்கம் தாய் சி, இன்னொரு பக்கம் ஸ்பீக்கர் வைத்து நடனம். ஷாங்காயில் சூச்சௌ ஓடை ஹுவாங்பூ ஆற்றோடு சேரும் முனை இது. ஆற்றுச் சேறு படிந்த திட்டை மேடாக்கி, 1868இல், அப்போது நகரின் ஒரு பகுதியை நிர்வகித்த வெளிநாட்டவரின் நகராட்சிக் குழு திறந்த பூங்கா. இப்போது டிக்கெட் கிடையாது. யாரும் எதுவும் கேட்பதில்லை.

செப்டம்பர் 30

'நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை' என்று இங்கே பலகை தொங்கிய கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படி ஒரே வரியில் எழுதிய பலகைக்கு உறுதியான சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். 1917ஆம் ஆண்டு விதிகளில், பூங்கா வெளிநாட்டுச் சமூகத்துக்கு மட்டும் என்பது முதல் விதி. நாயும் சைக்கிளும் கூடாது என்பது வேறொரு விதி. வெள்ளைக்காரக் குழந்தையோடு வரும் சீன ஆயாவுக்கு விலக்கு உண்டு.

எனக்கு அந்தக் கதைப் பலகையைவிட இதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. வசை என்றால் எவனோ கோபத்தில் எழுதினான் என்று விட்டுவிடலாம். இது கூட்டம் போட்டு, யோசித்து, எண் கொடுத்து எழுதியது. அதுவும் சீனர்கள் கட்டிய வரியும் சேர்ந்து நடந்த பூங்காவுக்கு! அந்த நகராட்சியின் காவல்படையில் 1880களிலிருந்து நம் பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்களும் இருந்தார்கள் என்பதை நாமும் மறந்துவிடக் கூடாது.

அக்டோபர் 3

தேசிய விடுமுறை வாரம். கரையில் கால் வைக்க இடமில்லை. பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 9

சீனர்கள் சும்மா இருக்கவில்லை. 1880களிலேயே வணிகர்களும் படித்தவர்களும் நகராட்சிக் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பதிலாகக் கிடைத்தது, 1890இல் ஓடையோரம் சீனர்களுக்கென்று தனியாக ஒரு சின்னத் தோட்டம். பெரிய பூங்காவுக்குள் கட்டணம் கட்டியாவது நுழைய 1928 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 12

இசைமேடையோடு இருந்த அந்தப் பழைய பூங்காவைத் தேடினால் கிடைக்காது. முனையில் 1990களில் எழுப்பிய மக்கள் வீரர் நினைவுச்சின்னம் நிற்கிறது, 60 மீட்டர் உயரத்தில். என் ரசனைக்கு அது அந்த இடத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

ஆனால் 2010இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சியான எக்ஸ்போவுக்காகச் செய்த வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். பக்கத்துச் சாலையில் பதினொரு தடங்களில் ஓடிய வண்டிகளில் பெரும்பகுதியைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டு, மேலே நான்கு தடங்களை மட்டும் வைத்து, மிச்ச இடத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். ஓடையின் முகத்துவாரத்தில் உள்ள நூறு வயதான வைபாய்து இரும்புப் பாலத்தையும் 2008இல் இரண்டு துண்டாகக் கழற்றி, படகில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் பூட்டினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும்.

மர நிழல்தான் இன்னும் வேண்டும். பதினொரு மணி வெயிலில் கிழவர்கள் சீட்டாட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்புகிறார்கள். அடுத்த வாரம் சூச்சௌ ஓடைக் கரையில் நடக்கலாம் என்றிருக்கிறேன்.