ராம்ப் இருக்கு, ஏற முடியுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய பாட்காஸ்ட்களில் 2016 சட்டத்தைப் பேசாதவர்கள் குறைவு. அதை வைத்து ஒரு கட்டடத்தைக் கேள்வி கேட்கப் போகிறவர் கையில் அளவு நாடாவும் இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலி ஏறும் ராம்ப்புக்கு, அதாவது சாய்தளத்துக்கு, அடிப்படைக் கணக்கு 1:12. ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் மொத்தம் 45, ராம்ப் 5.4 மீட்டர் ஓட வேண்டும். நம் ஊரில் இரண்டு மீட்டரில் சிமென்ட் பூசி முடித்துவிடுவார்கள். அது சறுக்குமரம். தானே சக்கரத்தைத் தள்ளி ஏறுபவர் பின்னால் சாய்வார். இறங்கும்போது வேகம் கைக்கு அடங்காது. இடம் போதாவிட்டால் நடுவில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டுத் திருப்பலாம்.

மேலே கதவுக்கு முன்னாலும் அதே சமதளம் வேண்டும். இல்லையென்றால் ஒரு கையால் கதவை இழுக்கும்போதே வண்டி பின்னோக்கி உருளும். கிரானைட், வழுவழு டைல்ஸ் கூடவே கூடாது, மழையில் வழுக்கும். ஓரத்தில் சின்னத் திட்டு கட்டாவிட்டால் முன்சக்கரம் வெளியே இறங்கிவிடும். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும்.

ராம்ப் அடியில் பைக் நிறுத்துவதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம்!

அந்த 2016 சட்டத்தின் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லிவிட்டது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். கூடவே உயரம், நீளம், அகலம், நாடா தெரியும்படி ஒரு போட்டோ. 'வசதி இல்லை' என்று மட்டும் எழுதினால், 'ராம்ப் உள்ளது' என்று ஒரே வரியில் பதில் வரும்.