ஓ.எல். முடிந்த கையோடு ஒரு வேலை

மட்டக்களப்பில் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் விடுமுறை அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் போகும். கொம்பியூட்டர் வகுப்பு, இங்கிலீஷ் வகுப்பு, இல்லாவிட்டால் அடுத்து வரும் ஏ.எல்.லுக்கு (உயர்தரத்துக்கு) முற்கூட்டியே டியூஷன். எனக்கு 2025 மார்ச் 26ஆம் திகதி பரீட்சை முடிந்தது, பெறுபேறு வர ஜூலை ஆனது. அதற்கிடையில் சம்பளத்துக்கு வேலை செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஏ.எல். டியூஷன் காசு அப்பாவுக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. இலங்கையில் வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயது முன்பு 14, 2021இல் அதை 16 ஆக்கினார்கள். பதினெட்டு ஆகும்வரை ஆபத்தான வேலைகளுக்கு எடுக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லித் தந்தவர் அரச அலுவலகத்தில் வேலை செய்யும் என் மாமி. “என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுவீங்க, சம்பளம் எவ்வளவு, இந்த மூன்றையும் முதலே கேளு புள்ள. நேராச் சொல்லாத கடைப்பக்கம் போகாத” என்றார். அந்தச் சொல்தான் கடைசிவரை எனக்குக் கைகொடுத்தது.

நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அந்த முறை கிட்டக்கிட்ட வந்தன. புடவைக் கடைகளில் அவசரமாக ஆள் எடுத்தார்கள். டவுனில் ஒரு கடைக்குப் போனேன். காலை ஒன்பதுக்கு வந்தால் இரவு கடை பூட்டும்வரை நிற்க வேண்டும், முதல் இரண்டு கிழமை ‘பழகுற காலம்’, அதற்குச் சம்பளம் இல்லை என்றார்கள். அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். பிரதி தருகிறேன் என்றேன். சரிவராது என்றார்கள், வந்துவிட்டேன். வேலை தருகிறவர் அடையாள அட்டையைப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். பிடித்து வைக்க அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. சம்பள விஷயத்திலும் அப்படித்தான். 2025 ஏப்ரலிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 27,000 ரூபாய், நாளுக்கு 1,080. 2026 ஜனவரியிலிருந்து அது 30,000, நாளுக்கு 1,200. கடை சின்னது, பிள்ளை சின்னது என்று இதைக் குறைக்க முடியாது.

பாசிக்குடா ஹோட்டல்களில் ஏப்ரலுக்குப் பிறகு சீசன். ஒன்றுவிட்ட அண்ணன் அங்கேதான் வேலை செய்கிறார், கேட்டுப் பார்த்தேன். இரவு ஷிப்டும் வரும், வாழைச்சேனைப் பக்கம் தினமும் போய்வருவதும் உனக்குச் சரிவராது என்று அவரே மறித்துவிட்டார். வட்ஸ்அப்பில் வந்த ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி’ வேலைக்கு முதலில் பதிவுக் காசு கட்டச் சொன்னார்கள். வேலை கேட்கிறவரிடமே காசு கேட்டால் அது வேலையே இல்லை. உடனே புளொக் செய்தேன்.

வேலை கிடைத்தது நான் வருடக்கணக்காகப் போய்வந்த கொமியூனிகேஷன் ஒன்றில், அதாவது போட்டோ கொப்பி, டைப்பிங் செய்து தருகிற கடையில். பாடசாலை நோட்ஸ் எல்லாம் அங்கேதான் போட்டோ கொப்பி எடுப்பேன். மண்முனை வடக்கு பிரதேச செயலகத்துக்குப் போகிற சனமும் வழியில் அங்கே நிற்கும். கடைக்கார அண்ணனிடம் “ஆள் தேவையா?” என்று மட்டும் கேட்கவில்லை. “எனக்குப் பாமினியில் டைப் பண்ணத் தெரியும், ஒரு பக்கம் அடித்துக் காட்டவா?” என்றேன். பாமினி பழைய தமிழ் எழுத்துரு, தமிழ்த்தின விழா மலருக்காகப் பாடசாலையில் பழகியது. கையெழுத்தில் கிடந்த ஒரு மரண அறிவித்தலைத் தந்தார். பாமினியில் ‘கொ’ என்று வர, கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு அரவு. யுனிகோடில் பழகிய விரலுக்கு இது பிடிபட நாள் எடுக்கும். அடித்துக் கொடுத்தேன். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டு, “திங்கட்கிழமை வாங்க, தங்கச்சி” என்றார்.

மாமி சொன்ன மூன்றையும் அப்போதே கேட்டேன். எட்டரைக்கு வந்து ஐந்துக்குப் போகலாம், நாளுக்கு 1,100, சனிக்கிழமை கையில் காசு, மத்தியானம் சாப்பிட ஒரு மணித்தியாலம். யோசிக்காமல் பதில் வந்தது. அப்பாவும் ஒருநாள் வந்து அவரோடு கதைத்துவிட்டுப் போனார். பதினாறு வயதுப் பிள்ளை வேலைக்குப் போகிற இடத்தை வீட்டில் ஒருவர் கண்ணால் பார்த்திருப்பது நல்லது.

வேலை சின்னச் சின்ன வேலைதான், ஆனால் கவனம் பிசகக் கூடாது. அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் நேராக விழ வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை லெமினேட் பண்ணச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள், அதற்கு முன் நல்ல பிரதி ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுவோம். எழுதத் தெரியாத அம்மம்மாமார் விண்ணப்பப் படிவத்தோடு வந்து பக்கத்தில் இருப்பார்கள். பெயர், முகவரி, கிராம சேவகர் பிரிவு என்று கேட்டுக் கேட்டு நிரப்புவேன். அதற்கு அண்ணன் காசு வாங்குவதில்லை. இறந்தவருக்கு முப்பத்தொராம் நாளில் வெளியிடும் நினைவு மலர் வந்தால் மட்டும் கடை அமைதியாகிவிடும். பேரப்பிள்ளைகளின் பெயரில் ஒரு எழுத்துத் தவறினாலும் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய மனவருத்தம். அச்சுக்குப் போகுமுன் வீட்டாரை அழைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுவோம்.

ஜூலையில் பெறுபேறு வந்ததும் முழுநேரம் போவதை நிறுத்தினேன். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, என்ன வேலை செய்தேன் என்று கடை முத்திரையோடு கடிதம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சேர்த்த காசு ஏ.எல். புத்தகங்களுக்கும் முதல் மாத டியூஷனுக்கும் போனது. நினைவு மலர் வேலை வந்தால் அண்ணன் இப்போதும் கோல் எடுப்பார், சனிக்கிழமைகளில் போய் அடித்துக் கொடுக்கிறேன். அதற்குப் பக்கக் கணக்கில் காசு.