பார்சிலோனாவில் எரிந்த அம்பு

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், வில்வித்தை வீரர் ஒருவர் எரியும் அம்பை எய்து ஒலிம்பிக் சுடரை ஏற்றியதைத் தொலைக்காட்சியில் கண்டபோதுதான், பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளின் மீதான என் சிறுவயதுப் பித்து தொடங்கியது. அம்பு கொப்பரைக்குள் விழவில்லை, அதன் மேலாகப் பறந்து வாயுவைப் பற்றவைத்தது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதனால் வியப்பு சற்றும் குறையவில்லை.

ஆனால் என்னை முழுதாக ஆட்கொண்டது 400 மீட்டர் அரையிறுதி. தொடைத்தசை கிழிந்து ஓடுபாதையில் நிலைகுலைந்த பிரிட்டன் வீரர் டெரெக் ரெட்மண்ட் எழுந்து நொண்டியபடி நகர, காவலர்களைத் தாண்டி ஓடிவந்த அவருடைய தந்தை, அழும் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி நடத்திச் சென்றார். மறுநாள் முதல், பழைய நோட்டு ஒன்றில் நாட்டுக் கொடிகளை வரையத் தொடங்கினேன். சிவப்புப் பென்சில்தான் எப்போதும் முதலில் தீர்ந்தது.