அகழிக்குப் பின்னால் பிளக்கும் கடல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் கண்ணாடி தேய்க்கிறேன் என்றுதான் சொல்வேன், பொய்யில்லை. கடலடியில் வழியும் பசால்ட் எரிமலைக் குழம்பு குளிர்ந்த நீர் பட்டதும், படிகமாக நேரமில்லாமல் அதன் மேல்தோல் கறுப்புக் கண்ணாடியாக உறைந்துவிடும். கடலடியைச் சுரண்டும் டிரெட்ஜ் கூடையில் அள்ளி வந்த கல்லை உடைத்து, அந்தத் தோலில் ஒரு சில்லை நுண்ணோக்கிக்குக் கீழே இடுக்கியால் பொறுக்கி, மெழுகில் ஒட்டி, இரண்டு பக்கமும் தேய்த்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். மெழுகைக் கரைத்துச் சில்லைக் கழற்றும்போது பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு. தப்பித்தால், அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி உள்ளே எவ்வளவு நீர் சிக்கியிருக்கிறது என்று அளக்கலாம்.

என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் பின்வில் கற்கள். பூமியின் மேலோடு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது; ஒரு கடல்தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில் அகழி, அதாவது கடலடியில் நீண்ட ஆழப் பள்ளம், இருக்கும், அதற்கு இணையாக எரிமலைகள் வில்லாக வரிசை கட்டும், அந்த வில்லுக்குப் பின்னால் இருப்பதுதான் பின்வில். தட்டுகள் மோதும் இடமாயிற்றே, நசுங்கித்தானே கிடக்க வேண்டும்? பல இடங்களில் நிலம் பிளந்து புதுக் கடல்தளம் பிறக்கிறது. மேற்குப் பசிபிக்கை வைத்துப் புவியியலாளர் டேனியல் காரிக் இதை 1970, 71-லேயே எழுதிவிட்டார்.

பாடப்புத்தகப் படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் தட்டு சாய்வாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அகழி மட்டும் அடித்துவைத்த ஆணி மாதிரி நிற்கும். உண்மையில் பழைய, குளிர்ந்த, கனத்த தட்டு தன் எடையிலேயே இறங்கும்போது அது வளையும் இடமே கடல் பக்கமாக நகர்கிறது. அகழி நகர்ந்தால் வில்லும் கூடவே இழுபடும், பின்னால் இருக்கும் நிலம் அந்த வேகத்துக்கு வராவிட்டால் நடுவில் கிழியும், அவ்வளவுதான். மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில் அமிழும் பசிபிக் தட்டுக்கு 15 கோடி ஆண்டுக்கு மேல் வயது, ஆழத்தில் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டுக்கு அடியில் போகும் தட்டு அதைவிட மிகவும் இளையது, மேல்தட்டோடு இறுகிக்கொள்கிறது, அங்கே பின்வில் கடல் இல்லை, ஆண்டிஸ் மலைத்தொடர்தான் இருக்கிறது. புவி இயற்பியலாளர்கள் உயேடாவும் கனமோரியும் 1979-ல் இந்த இரண்டையும் இரு துருவங்களாக நிறுத்தினார்கள். வயது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்காது என்பது என் கட்சி, மேல்தட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, நீருக்கு வருவோம். அமிழும் தட்டு விடும் நீர்தான் மேலே இருக்கும் மேன்டிலின் (மேலோட்டுக்குக் கீழான பாறை அடுக்கின்) உருகுநிலையைக் குறைக்கிறது. தட்டுகள் விலகிப் புதுக் கடல்தளம் பிறக்கும் நடுக்கடல் முகடுகளின் கண்ணாடியில் நீர் பெரும்பாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது, பின்வில் கண்ணாடியில் 1, 2 சதவீதம்கூட வரும். ஆனால் எல்லாப் பின்வில்லும் ஈரமில்லை. தென்பசிபிக்கின் டோங்கா தீவுகளுக்குப் பின்னால் இருக்கும் லாவு படுகையையே எடுத்துக்கொள்ளுங்கள், 1995-ல் வெளியான ஜிபிஎஸ் அளவீட்டின்படி அதன் வடமுனை ஆண்டுக்கு 16 சென்டிமீட்டர் விரிகிறது. தெற்கே வாலு ஃபா முகடு எரிமலை வரிசைக்கு மிக அருகில் இருப்பதால் அங்கிருந்து வரும் கல் ஈரமும் சிலிக்காவும் கூடியது, ஏறக்குறைய எரிமலைத் தீவின் கல் போலவே. வடக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிப்போன முகட்டின் கல்லைக் கையில் கொடுத்தால் நடுக்கடல் கல் என்றே சொல்லிவிடலாம்.

அந்தமான் கடல் இன்னும் குழப்பம். அங்கே தட்டு சாய்கோணத்தில் அமிழ்வதால் நிலம் பக்கவாட்டிலும் வழுக்குகிறது, அந்த வழுக்கலின் இடைவெளியில்தான் சுமார் 40 லட்சம் ஆண்டுகளாகக் கடல் திறக்கிறது. 1991-ல் மறுபடி பொங்கிய பேரன் (Barren) தீவு எரிமலை, வில்லின் மேல் நிற்கிறது, கடல்தளம் பிளக்கும் விரிவு மையம் அதற்குத் தென்கிழக்கே. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுபவர்கள் நிறைய.

அதனால் என் அட்டவணையில் 'வில்', 'பின்வில்' என்றிருந்த பத்தியைத் தூக்கிவிட்டேன். எரிமலை வரிசையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், நீர் எத்தனை சதவீதம், இந்த இரண்டும் போதும். குழுத் தலைவருக்கு இதில் உடன்பாடில்லை, அறிக்கையில் போட ஒரு பெயர் வேண்டுமாம்.